"டாக்டரு வரச்சொல்ல குந்தினு இருந்தேன்": வேலூர்ப் பக்கத்துப் பேச்சு புரியாமல் நான் செய்த தவறு

பொருநைப்பெண் எழுதியது:

நான் பிறந்து வளர்ந்தது திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகி குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. இத்தனை நாளில் இந்த ஊர்ப் பேச்சு எனக்கு முக்கால்வாசி புரிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். போன வாரம் அந்த நினைப்பு உடைந்துபோனது.

அத்தைக்கு மூன்று நாளாக விடாத காய்ச்சல். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். அவரை டாக்டர் அறை வாசலில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, ரத்தப் பரிசோதனைக்குப் பணம் கட்ட நான் கீழே போனேன். வரிசை நகரவே இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து மேலே வந்தால் அத்தை அதே பெஞ்சில், அதே இடத்தில். "டாக்டரைப் பார்த்தீங்களா அத்தை?" என்றேன்.

"டாக்டரு வரச்சொல்ல நானு இங்கதாம்மா குந்தினு இருந்தேன்" என்றார்.

டாக்டர் உள்ளே வரச் சொல்லியிருக்கிறார், இவர் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார் என்றுதான் எனக்குப் பட்டது. ஏற்கெனவே கால் கடுத்துப்போய் வந்திருந்தேன். "கூப்பிட்டா எழுந்து போக வேண்டாமா? இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று அத்தனை பேர் முன்னால் சத்தம் போட்டுவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ராத்திரி என் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. டாக்டர் அறைக்கு வந்த நேரத்தில் அத்தை அங்கேதான் இருந்தாராம். அதைத்தான் சொல்லியிருக்கிறார். யாரும் அவரைக் கூப்பிடவே இல்லை. எங்கள் டோக்கன் எண்ணே வரவில்லை.

நாலு வருஷம் ஒரே வீட்டில் சாப்பிட்டும் இது எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது. மறுநாள் காலையில் மன்னிப்புக் கேட்டேன். "கம்முனு இரு கண்ணு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அது கோபமா, இல்லையா என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. இந்தப் பக்கத்து ஆட்கள் தினமும் புழங்கும் வார்த்தைகளையும், அவற்றை எந்த மனசோடு சொல்கிறார்கள் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னொரு தடவை இப்படி நடக்கக் கூடாது.


கழனிமேடு எழுதியது:

அக்கா, நான் அணைக்கட்டுப் பக்கம். படித்ததும் சங்கடமாகிவிட்டது. உங்கள் மேலும் தப்பில்லை, அந்த அம்மா மேலும் தப்பில்லை.

முதலில் அந்த 'சொல்ல'. எங்கள் வடாற்காட்டில், அதாவது வேலூர், திருவண்ணாமலையெல்லாம் சேர்ந்திருந்த பழைய ஜில்லாவில், 'வரச்சொல்ல' என்றால் வரும்போது. 'போவச்சொல்ல' என்றால் போகும்போது. "துன்னச்சொல்ல பேசாத" என்று எங்கள் பாட்டி தினம் அதட்டுவார். சாப்பிடும்போது பேசாதே என்று அர்த்தம். "நான் சின்ன புள்ளயா இருக்கச்சொல்ல பாலாத்துல தண்ணி ஓடும்" என்று பெரியவர்கள் ஆரம்பிப்பார்கள். யாரும் யாருக்கும் எதையும் சொல்வதில்லை அங்கே.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நிஜமாகவே ஒருவர் சொல்லி இன்னொருவர் கேட்டால் அந்த வினை முழுசாக முடியும்: வரச்சொன்னாரு, வரச்சொல்லு, வரச்சொல்லிட்டாரு. நேரத்தைக் குறிக்கும்போது 'சொல்ல' என்று அப்படியே நின்றுவிடும், அதற்கு அப்புறம் வேறு வினை வரும். காதில் கேட்டால் இன்னும் சுலபம். 'வரசொல' என்று சகரமும் லகரமும் அழுத்தமே இல்லாமல் ஓடிவிடும். உங்கள் அத்தை சொன்னதைத் திரும்ப நினைத்துப் பாருங்கள், அப்படித்தான் ஓடியிருக்கும்.

'குந்தினு' என்பது குந்திக்கொண்டு. 'கொண்டு' எங்களிடம் 'கினு' ஆகி, அதுவும் தேய்ந்து 'னு' என்று நிற்கிறது. தூங்கினு, பேசினு, பாத்துனு, வந்துனு. "வந்துனே கீறேன்" என்றால் வந்துகொண்டே இருக்கிறேன். 'கீறேன்' என்றதும் கத்தி, ரத்தம் என்று பயப்பட வேண்டாம். இருக்கிறேன் என்பதன் முன்பாதி உதிர்ந்து மீதி நிற்கிறது. கீறேன், கீற, கீறான், கீறா, கீறாரு, கீறாங்க, கீது. ஒரே ஒழுங்கில் வரும், ஒரு வாரம் காது கொடுத்தால் பழகிவிடும்.


பெரம்பூர்வண்டி எழுதியது:

இதெல்லாம் மெட்ராஸ் பாஷைதானே? இன்னா, கீது, குந்து, வூட்டாண்ட எல்லாம் எங்கள் தெருவில் தினம் கேட்பது. ரயில் ஏறி காட்பாடிக்குப் போய்விட்டது போல.


வாலாஜாவாத்தியார் எழுதியது:

தம்பி, முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்தவன் நான். இந்தக் கேள்வி என் வகுப்பிலும் வரும். வரும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

ரயில் அந்தப் பக்கமிருந்தும் வருகிறது, இந்தப் பக்கமிருந்தும் போகிறது. சென்னையைச் சுற்றி இருந்த செங்கல்பட்டு, வடாற்காடு ஜில்லாக்களிலிருந்து வேலைக்குப் போன சனங்கள் தங்கள் வாயையும் கூடவே கொண்டு போனார்கள். ஜவ்வாது மலை அடிவாரத்தில், பட்டணத்தையே பார்க்காத கிழவி 'குந்து' என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அவளுக்கு எந்த மெட்ராஸ் பாஷை வந்து சொல்லிக்கொடுத்தது?

ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துப் பாருங்கள். 'குந்தித் தின்றால் குன்றும் கரையும்' என்ற பழமொழியைத் தமிழ்நாடு முழுக்கச் சொல்கிறோம். அதில் வரும் குந்துதானே இது? 'வூட்டாண்ட' என்பது வீட்டண்டை. அண்டை வீடு, அண்டை அயலார் என்று எழுதும்போது மரியாதையாகத் தெரிவது, 'என்னாண்ட குடு' என்று பேசினால் மட்டும் கொச்சையாகிவிடுமா? 'அப்பால' என்பது அப்பால். 'ஒண்டி' என்றால் தனியாக, மட்டும். "நான் ஒண்டியா வந்தேன்" என்பார்கள், "அது ஒண்டி வேணாம்" என்பார்கள். ஒண்டிக்கட்டை என்று எல்லோரும் சொல்கிறோமே, அதே ஒண்டி.

சினிமாவில் ரவுடிக்கும் ரிக்ஷாக்காரருக்கும் இந்தப் பேச்சைக் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். அதனால் எங்கள் பிள்ளைகள் கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் போனால் முதல் ஆறு மாதம் வாயைத் திறக்கவே கூச்சப்படுகிறார்கள். ஏர் ஓட்டியவன், தறி நெய்தவன், தோல் பதனிட்டவன் வீட்டில் பேசிய பேச்சு இது. எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ராஜா வேஷம் செந்தமிழில் விருத்தம் பாடும். கட்டியங்காரன் வந்து அதையே நம் பேச்சில் சொல்வான். அவன் வாயைத் திறந்ததும் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். அர்ஜுனனின் துக்கம் எங்கள் பாட்டிகளுக்குப் புரிந்தது கட்டியங்காரன் வழியாகத்தான்.

ழகரத்துக்கும் இதையே சொல்வேன். தெற்கே 'வாளப்பளம்' என்பார்கள், இங்கே 'வாயப்பயம்'. அங்கே ளகரம் ஆனது, இங்கே யகரம் ஆனது. ஒன்று உசத்தி, ஒன்று மட்டம் என்று எதை வைத்துச் சொல்வது? கழனி 'கயனி' ஆனது, கிழங்கு 'கெயங்கு' ஆனது, கோழி 'கோயி' ஆனது. நான் வகுப்பில் ழகரத்தைத் திருத்துவேன், எழுதும்போது பிழை வரக் கூடாது என்பதற்காக. வீட்டில் அப்படிப் பேசாதே என்று ஒரு பிள்ளையிடமும் சொன்னதில்லை.


பெரம்பூர்வண்டி எழுதியது:

சரி வாத்தியாரே, ஒப்புக்கொள்கிறேன். என் தாத்தாவே செய்யாறு பக்கம்தான், இப்போதுதான் உறைக்கிறது. 'ஒண்டி' அவர் வாயில் கேட்டது. எங்கள் தெருவில் இப்போது யாரும் சொல்வதில்லை.


இரவுப்பணி எழுதியது:

நான் வேலூரில் நர்ஸாக இருக்கிறேன். சொந்த ஊர் நாகர்கோவில். பொருநைப்பெண் எழுதியதைப் படித்து ரொம்ப நேரம் யோசித்தேன், எனக்கும் இதில் ஒரு அனுபவம் உண்டு.

'ரவ' என்ற வார்த்தை. ரவை போலக் கொஞ்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். "ரவ தண்ணி குடு", "ரவ தள்ளி குந்து". வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். வேட்டி நுனியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "இன்னா பண்ணுது ஐயா?" என்று கேட்டேன், அதற்குள் அந்த 'இன்னா' எனக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. "ஒண்ணுமில்லமா, ரவ மாரு அடைக்கிறாப்ல கீது" என்றார். ரவ என்றாரே, கொஞ்சம்தானே என்று அவரை வரிசையில் உட்கார வைக்கப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஆர்க்காட்டுக்கார அக்கா என் கையைப் பிடித்து இழுத்தார். "இந்தப் பக்கத்துப் பெரியவங்க உசிரு போற நோவா இருந்தாலும் ரவன்னுதான் சொல்வாங்க. முதல்ல ஈசிஜி எடு" என்றார். எடுத்தோம். அப்படியே உள்ளே சேர்த்தார்கள். பிழைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் 'ரவ' என்று யாராவது சொன்னால் அவர்கள் நெற்றியைத்தான் முதலில் பார்க்கிறேன். அடுத்தவருக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று தங்கள் வலியைத் தாங்களே சின்னதாக்கிச் சொல்கிற வார்த்தை அது.

இன்னும் சில. வலிக்கிறது என்பதைவிட 'நோவுது' என்பதுதான் பெரியவர்கள் வாயில் அதிகம். வவுறு நோவுது, தலை நோவுது. மாரு என்றால் மார்பு. "மேலு சுடுது" என்றால் காய்ச்சல். "தாவலயா?" என்று பார்க்க வருகிறவர்கள் கேட்பார்கள், தேவலையா என்பதுதான் அது. "தாவல" என்று பதில் வந்தால் குறைந்திருக்கிறது என்று எழுதிக்கொள்ளலாம். அம்மை போட்ட வீட்டில் "தண்ணி ஊத்தியாச்சு" என்றால் அம்மை இறங்கி, தலைக்கு ஊற்றி முடித்துவிட்டார்கள் என்று பொருள். "முழுகாம கீறா" என்றால் கர்ப்பமாக இருக்கிறாள். இதைத் தமிழ்நாட்டில் பல ஊரில் சொல்வார்கள், ஆனாலும் புதிதாகப் படித்துவிட்டு வரும் பிள்ளைகள் குளிக்கவில்லை என்று எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். மாத்திரை கொடுப்பதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டிய வார்த்தை.


ஆம்பூரான் எழுதியது:

எங்கள் பங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் வீட்டில் உருதும் கடையில் தமிழும் பேசி வளர்ந்தவர்கள் நாங்கள் நிறையப் பேர். ஆர்க்காடு கர்நாடக நவாபுகளின் தலைநகராக இருந்த ஊர். அந்தக் காலத்து அலுவலக மொழி பாரசீகம். வசூல், ஜப்தி, தாசில்தார் எல்லாம் அப்படி வந்து தமிழ்நாடு முழுக்கப் பரவியவை. எங்கள் பக்கம் அது சர்க்கார் கச்சேரியோடு நிற்காமல் அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது.

காலைச் சாப்பாட்டுக்கு 'நாஷ்டா'. "நாஷ்டா துன்னியா?" என்று இந்து வீட்டிலும் கேட்பார்கள். மசாலாச் சோறு மட்டும், கறி இல்லாமல் வேண்டுமென்றால் 'குஸ்கா'. 'பேஜாரு' என்றால் அலுத்துப்போவது. "பேஜாராக் கீது" என்று ஒருவர் சொன்னால் அவர் சண்டைக்கு வரவில்லை, சலித்துப் போயிருக்கிறார், கொஞ்சம் டீ வாங்கிக் கொடுங்கள். 'மாமூல்' என்றால் வேறு ஊரில் லஞ்சம் என்றுதான் நினைப்பார்கள். எங்கள் கடையில் "இன்னா பாய், வியாபாரம் எப்படி?" என்று கேட்டால் "மாமூலா போவுது" என்பேன். வழக்கம்போல என்று அர்த்தம். அந்தச் சொல்லின் முதல் பொருளே அதுதான்.


போளூர்க்காரி எழுதியது:

பொருநைப்பெண் கேட்ட முக்கியமான கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லையே. 'கம்முனு இரு'.

மா, அது கோபம் இல்லை.

எங்கள் நைனா போன வருஷம் தவறிப்போனார். நைனா என்றால் அப்பா. தெலுங்கு எல்லையை ஒட்டிய ஜில்லா இது, சித்தூர்ப் பக்கமே 1911 வரைக்கும் வடாற்காட்டில்தான் இருந்தது. அதனால் அந்தச் சொல் எங்கள் வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது. அன்றைக்கு நான் ஊர் போய்ச் சேரும்போது ராத்திரி பத்து மணி. திண்ணையில் ஏறினதும் கால் நிற்கவில்லை. எதிர்வீட்டு ஆயா வந்து பக்கத்தில் குந்தினார். என் தலையை அவர் மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். கையெல்லாம் மல்லாட்டை உடைத்த மண் வாசனை. என் முதுகைத் தடவிக்கொண்டே "கம்முனு இரு, கம்முனு இரு கண்ணு" என்று விடியும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு வேறு ஆறுதல் வார்த்தை தெரியாது. எனக்கும் அன்றைக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

சின்னப் பிள்ளைகள் கூச்சல் போட்டால் "கம்முனு கெட" என்பார்கள், அது வாயை மூடு என்பது. பின்னால் 'கண்ணு' வந்தால், குரல் இறங்கினால், அது 'விடு, மனசைப் போட்டு வருத்திக்காதே' என்பது. உங்கள் அத்தை மன்னிக்க வேண்டியதாகவே நினைத்திருக்க மாட்டார். எழுந்து போனது, நீங்கள் அழுதுவிடுவீர்களோ என்றுதான் இருக்கும்.


பொருநைப்பெண் எழுதியது:

இதைப் படித்து அழுதுவிட்டேன் அக்கா. எங்கள் ஊரில் ஆச்சி என்னைக் கொஞ்சும்போது 'சவத்து மூதி' என்பாள். வெளியூர்க்காரர்கள் கேட்டால் திட்டுகிறாள் என்றுதான் நினைப்பார்கள். எனக்கு அது தெரிந்திருந்தும் இங்கே யோசிக்கத் தோன்றவில்லை.

மல்லாட்டை என்றால் நிலக்கடலைதானே? முதல் தடவை கேட்டபோது மல்லாந்து படுப்பதைச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன்.


போளூர்க்காரி எழுதியது:

ஆமாம், அதேதான். மணிலாக்கொட்டை, மல்லாக்கொட்டை, மல்லாட்டை. விற்பனைக்கூடத்தில் விலை எழுதும்போது மணிலா என்றே எழுதுவார்கள், வீட்டில் மல்லாட்டை. செடியைப் பிடுங்கிப் போட்டு நிழலில் குந்தி காய் பறிப்பது 'ஆயறது'. விதைக்கு எடுத்து வைத்ததை ஓடு நீக்குவது 'ஒடைக்கறது'. வெறும் கையால் ஒரு மூட்டை உடைத்தால் கட்டைவிரல் நகம் தேய்ந்து மழுங்கிவிடும். எங்கள் அம்மாவுக்கு அந்த நகம் கடைசிவரை சரியாக வளரவில்லை.

கேழ்வரகு 'கேவுரு'. ஆடி மாதம் அம்மனுக்கு ஊத்தறது கேவுருக் கூழு. உங்கள் அத்தை வீட்டிலும் ஊத்துவார்களே.


பெரம்பூர்வண்டி எழுதியது:

'மே' பற்றி யாராவது சொல்லுங்கள். "இன்னாமே" என்று தாத்தா பாட்டியைக் கூப்பிடுவார். மரியாதைக் குறைவு இல்லையா?


கழனிமேடு எழுதியது:

எங்கள் பக்கம் அது உரிமை. பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதும் அப்படித்தான். அப்பா அம்மாவையே 'நீ'தான் சொல்கிறோம். "நீ துன்னியா நைனா?" என்று கேட்பதில் மரியாதை குறைந்துபோனதாக எந்த அப்பாவும் நினைப்பதில்லை.


போளூர்க்காரி எழுதியது:

தம்பி சொல்வதில் பாதிதான் எனக்குச் சம்மதம். பக்கத்து வீட்டு அக்கா 'வாமே' என்றால் இனிக்கும். வீட்டுக்காரர் சொன்னாலும் குரலில் தெரியும். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆள் "தள்ளி நில்லுமே" என்றால் அது உரிமை இல்லை, அவமானம்தான். அதே ஆள் எதிரில் நிற்கும் ஆம்பளையிடம் 'சார்' என்பார். வட்டார வழக்கு என்று சொல்லி அதை மூடக் கூடாது.


வாலாஜாவாத்தியார் எழுதியது:

போளூர் அம்மா சொல்வது சரி. இதை நான் யோசித்ததில்லை.

இன்னொரு வேண்டுகோள். கரிசல் பக்கத்துக்கும் நடுநாட்டுக்கும் கொங்குக்கும் எழுத்தாளர்களே வட்டாரச் சொற்களைத் தொகுத்து அகராதி போட்டிருக்கிறார்கள். 1989-ல் வடாற்காடு ஜில்லா இரண்டானது, 2019-ல் வேலூர் மூன்றானது. வடாற்காடு என்ற பெயரே பழைய பத்திரத்தில்தான் இருக்கிறது. பேச்சு மட்டும் எந்த எல்லைக்கோட்டிலும் பிரியாமல் ஆரணியிலும் ஆற்காட்டிலும் திருப்பத்தூரிலும் ஒன்றாகப் புழங்குகிறது. வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்கள் அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே, எந்த நேரத்தில் யாரிடம் சொன்னார்கள் என்பதோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 'ரவ' என்பதற்குக் கொஞ்சம் என்று மட்டும் எழுதினால் அந்த ஒடுகத்தூர்ப் பெரியவர் அதில் இருக்க மாட்டார்.


பொருநைப்பெண் எழுதியது:

நோட்டு வாங்கிவிட்டேன் ஐயா. முதல் பக்கத்தில் 'வரச்சொல்ல' எழுதியிருக்கிறேன்.

இன்றைக்குக் காலையில் அத்தை திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காய்ச்சல் நன்றாகத் தாவல. மளிகைக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நான், ரெண்டு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, "அத்தை, நான் கடைக்குப் போகச்சொல்ல கேவுரு வாங்கினு வரட்டா?" என்று கேட்டேன்.

முறத்தை அப்படியே நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம் முறத்தைத் தட்டிக்கொண்டே, "ரெண்டு கிலோ ஒண்டி வாங்கினு வா. வெயில்ல போற, தலைல துணி போட்டுக்க கண்ணு" என்றார்.


கழனிமேடு எழுதியது:

'போவச்சொல்ல' அக்கா. அங்கே 'க' வராது. நோட்டில் திருத்திக்கொள்ளுங்கள்.